சிரிப்புக்கு விட்ட இடம்

மார்ச் 4

அக்கா,

போனில் பேசினால் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

படம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறது. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. மாமாவின் முகம், கையில் அந்தப் பழைய ஸ்பேனர், கீழே பெரிதாக ‘2’. நேற்று பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு முதல் படத்தின் காட்சியை முழுதாக நடித்துக் காட்டினார். லிஃப்ட் என்றால் பயப்படுகிற லிஃப்ட் மெக்கானிக், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாவது மாடிவரை படியேறி வந்து, ‘லிஃப்ட் எங்க நிக்குது?’ என்று கேட்பாரே, அது. ‘கீழதான் நிக்குது’ என்ற பதிலைக் கேட்டுவிட்டு மாமா பேசாமல் நிற்பாரே, அதையும் அவர் நின்று காட்டினார். எட்டு வருடம் ஆகிவிட்டது. வீட்டில் தமிழில் சண்டை போட்டுக்கொண்டே நாம் எடுத்த மலையாளப் படம். நீ எடிட்டிங், நான் இயக்கம், நம் அம்மாவின் தம்பி கதாநாயகன். இன்னும் ஜனங்கள் விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவில் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். சுமார் நாற்பது பேர். மாமா திரையில் வந்ததுமே சிரிப்பு தொடங்கிவிட்டது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எங்கெங்கே சிரித்தார்களோ அங்கெல்லாம் இடம் விட்டிருக்கிறோம், நீ முதல் படத்தில் செய்த மாதிரியேதான். சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனம் வராது. எடிட்டர் புதுப் பையன் என்றாலும் கை வேகம்.

மாமா நன்றாக இருக்கிறார். பக்கவாதம் வந்த இடது கால் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, பேச்சும் கொஞ்சம் நிதானம். படத்தில் எதுவும் தெரியாது. தெரியாதபடி எடுத்திருக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ‘ரெண்டாம் பாகம் வேண்டாம்டா, மாமாவுக்கு வேற கதை எழுது’ என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நான் பொறாமை என்று சொன்னதை நீயும் மறந்திருக்க மாட்டாய். அதை இப்போது பேச வேண்டாம். படம் பார்த்துவிட்டு ஒரு வரி எழுது.

தம்பி


மார்ச் 6

தம்பி,

இரண்டு கேள்விகள்.

அந்த நாற்பது பேர் யார்?

வசனம் முடிந்த பிறகு சிரித்தார்களா, முடிவதற்கு முன்னாலேயே சிரித்தார்களா?

முதல் படத்துக்கு மாமா என்ன செய்தார் என்பது உனக்கு நினைவில்லை போலிருக்கிறது. நீ அப்போது பாட்டு வேலையில் இருந்தாய். மாமா பஸ் டெப்போவுக்குப் போய், அடுத்த ஷிப்டுக்காகக் காத்திருந்த டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரை யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் குறட்டை விட்டார். மாமா கடைசி வரிசையில், திரைக்கு முதுகைக் காட்டி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில். அவர்கள் சிரித்தபோது என் தோளைத் தட்டினார். தட்டிய இடத்தில்தான் நான் இடம் விட்டேன். தட்டாத இடத்தில் என் மனதுக்குப் பிடித்த வசனம் இருந்தாலும் வெட்டினேன்.

‘நம்ம வீட்டு ஆளுங்க சிரிச்சா அது பாசம், கத்திரி. இவனுங்க சிரிச்சாதான் சிரிப்பு’ என்றார். அன்றிலிருந்துதான் எனக்குக் கத்திரி என்று பெயர்.

இங்கே இப்போது நான் வெட்டுவது செய்தி. வெள்ளம், தேர்தல், விளையாட்டு. எதற்கும் யாரும் சிரிப்பதில்லை, இடம் விடும் வேலையும் இல்லை. நிம்மதிதான்.

பொறாமை பற்றிப் பேச வேண்டாம் என்றால் சரி. அந்த வார்த்தை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 7

அக்கா,

நாற்பது பேரும் நம் ஆட்கள்தான். அத்தை, சித்தி குடும்பம், முதல் படத்தில் வேலை செய்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். எல்லாரும் நல்ல மனநிலையில் இருக்கட்டும் என்று மதியம் முதல் படத்தைப் போட்டு, டீ கொடுத்து, பிறகு இதைப் போட்டோம்.

முன்னால் சிரித்தார்களா, பின்னால் சிரித்தார்களா என்று நான் கவனிக்கவில்லை. பின்வரிசைக்குப் படி ஏற வேண்டும் என்பதால் மாமாவை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ‘சிரிக்கறாங்களா மாப்ள?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ‘கேக்கலையா மாமா, கூரை பேந்துரும் போல’ என்றேன்.

பிரதிகள் தியேட்டர்களுக்குப் போய்விட்டன. இனி எதையும் மாற்ற முடியாது. மாற்ற முடியாத நேரம் பார்த்து ஏன் இப்படிக் கேட்கிறாய்? வெள்ளிக்கிழமைவரை நான் என்ன செய்வேன்?


மார்ச் 17

அக்கா,

விமர்சனங்களை நீ படித்திருப்பாய். எல்லாவற்றிலும் ‘ஏமாற்றம்’ என்ற சொல் இருக்கிறது. நான் எழுதுவது அதைப் பற்றி இல்லை.

முதல் காட்சிக்கு மாமா வந்தே தீருவேன் என்றார். தொப்பி, மூக்குக் கண்ணாடி, மாஸ்க். அரங்கம் நிறைந்திருந்தது. அவர் பெயர் வந்தபோது விசில் காதைப் பிளந்தது. என் கையை அழுத்தினார்.

முதல் வசனம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் நாம் இடம் விட்டிருக்கிறோமே, அது ஓடியது. திரையில் மூன்று நடிகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. அடுத்த வசனம், மறுபடியும் அதே மாதிரி. நாலாவதோ ஐந்தாவதோ முறை, எங்களுக்கு முன்வரிசையில் ஒரு குழந்தை சத்தமாகக் கேட்டது: ‘படம் நின்னுடுச்சாப்பா?’

அதற்கு அரங்கமே சிரித்தது, அக்கா. அன்றைக்கு வந்த பெரிய சிரிப்பு அதுதான். அதன் பிறகு நாம் இடம் விட்ட ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து யாராவது, ‘அடுத்த ஆளு பேசுப்பா!’ என்று குரல் கொடுத்தார்கள்.

இடைவேளையில் மாமா கழிவறைக்குப் போய்விட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ‘மனுஷன் முடிஞ்சாருப்பா.’ ‘உடம்பு முடியாம கெடந்தாராம்ல. பாவம், எதுக்கு இவரப் போட்டு இழுத்துட்டு வர்றாங்க.’ நான் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

முழுப் படத்தையும் பார்த்தார். திரும்பி வரும்போது கார் ஒரு சிக்னலில் நின்றது. ‘மாப்ள, என்னாலதானே?’ என்று கேட்டார்.

உடனே ‘இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பொய்யாகத் தோன்றாத ஒரு ‘இல்லை’யைத் தேடிக்கொண்டிருந்தேன். விளக்கு பச்சையாகி, பின்னால் ஹாரன் அடித்தார்கள். பிறகுதான் ‘அப்படியெல்லாம் இல்ல மாமா’ என்றேன். அவர் சிரித்தார். ‘சரி சரி, ரோட்டப் பாரு’ என்றார்.

ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். அவரிடம் போய் அவ்வளவு பெரிய இடம் விட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில், அடுத்து நடிக்க ஒத்துக்கொண்ட படத்தின் இயக்குநரைக் கூப்பிட்டு, ‘வேற ஆளப் பாத்துக்கப்பா’ என்று சொல்லிவிட்டார். அத்தை போனில் அழுகிறார். சவரம் செய்வதில்லையாம். டிவியைப் போட்டுச் சத்தத்தை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். போன தடவை ஒரு படம் ஓடாமல் இப்படி உட்கார்ந்த பிறகுதான் பக்கவாதம் வந்தது என்கிறார் அத்தை. டாக்டர் இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

எனக்கு உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

தம்பி


மார்ச் 20

தம்பி,

படம் பார்த்தேன். மலையாளப் படம் போடுகிற தியேட்டர் இந்த ஊரில் ஒன்றுதான். வேலை முடிந்து இரண்டு ரயில் மாறிப் போனேன். அரங்கில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பாதியில் எழுந்து போனார், திரும்பி வரவில்லை.

இடத்தைப் பற்றி உனக்கே தெரிந்துவிட்டது, திரும்பச் சொல்லவில்லை. முதல் படத்தை நினைத்துச் சிரித்தவர்களின் சிரிப்பை அளந்து இந்தப் படத்தை வெட்டியிருக்கிறீர்கள்.

நான் எழுத வந்தது வேறு. இந்தப் படத்தில் மாமா எங்கே? நடக்கத் தொடங்கினால் வேறு யாருடைய முகத்துக்கோ போய்விடுகிறாய். பேசத் தொடங்கினால் கேட்பவருடைய முகத்தைக் காட்டுகிறாய். படிக்கட்டுக் காட்சியில் கீழ்ப்படியில் கால் வைக்கிறார், தபேலா வாசிக்கிறார்கள், அடுத்த ஷாட்டில் மேலே நிற்கிறார். முதல் படத்தில் பாதிச் சிரிப்பு அந்தப் படியில்தானே இருந்தது? அவர் ஏறுவதை நீ காட்டவே இல்லை. ஏறாதவர் மேலே போய் மூச்சு வாங்கினால் யார் சிரிப்பார்கள்?

என்னாலதானே என்று அவர் கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. பார்க்காமல் சொல்ல மாட்டேன். படிக்கட்டில் எடுத்தது எல்லாவற்றையும் அனுப்பு. நல்லது, கெட்டது, ‘கட்’ சொன்ன பிறகு ஓடியது, எல்லாம். அவரால் முடியவில்லை என்று தெரிந்தால் அதையும் அப்படியே எழுதுவேன். சம்மதம் என்றால் மட்டும் அனுப்பு.

அக்கா


மார்ச் 22

அக்கா,

அனுப்பிவிட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்த ஒரு நாள் ஆயிற்று.

படத்தை எல்லா இடத்திலும் தூக்கிவிட்டார்கள்.

நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். ‘கத்திரி படம் பாத்தாளா?’ என்று கேட்டார். ‘இன்னும் இல்ல மாமா, வேலை அதிகமாம்’ என்றேன். இந்தத் தடவை பதில் உடனே வந்தது. பொய் என்றால் எவ்வளவு சுலபமாக வருகிறது, பார்.

அவரால் முடியவில்லை என்று நீ எழுதினால் அதை நான் அவரிடம் எப்படி மறைப்பேன்? என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஒன்று செய். அப்படி இருந்தால் எழுதாதே. எழுதாமல் இருந்தால் புரிந்துகொள்கிறேன்.

இல்லை, எழுது. எதுவானாலும் எழுது.


ஏப்ரல் 2

தம்பி,

தாமதத்துக்குக் காரணம் வேறொன்றும் இல்லை, வேலை முடிந்த பிறகுதான் உட்கார முடிந்தது. நீ இந்தப் பத்து நாளும் என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். மன்னித்துக்கொள்.

எல்லா ஷாட்டும் ஒரே மாதிரி முடிகிறது. மாமா முதல் வளைவுவரை ஏறுகிறார், கைப்பிடியைப் பிடிக்கிறார், உடனே உன் குரல்: ‘கட்! கட்! மாமாவுக்குத் தண்ணி குடுங்க!’ அவர் ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு தடவை, ‘இருடா, இப்பதான் வருது’ என்கிறார். நீ பேசிக்கொண்டிருந்ததால் உனக்குக் கேட்கவில்லை.

கடைசிக்கு முந்தைய ஷாட்டைச் சொல்கிறேன். நீ ‘கட்’ சொல்லிவிட்டு மானிட்டரை விட்டு எழுந்து நாற்காலி தேடப் போயிருக்கிறாய். நாற்காலி, நாற்காலி என்று நீ கத்துவது தூரத்தில் கேட்கிறது. கேமராமேன் நிறுத்தவில்லை. மாமாவும் நிறுத்தவில்லை. இன்னும் அரை மாடி ஏறுகிறார். கால் இழுக்கிறது, நன்றாகவே தெரிகிறது. முதல் மாடியில் நிற்கிறார். நின்றதற்கு ஒரு காரணம் வேண்டுமே. சுவரைத் தட்டிப் பார்க்கிறார், பூச்சு சரியாக இருக்கிறதா என்பது போல. அதுவும் போதவில்லை. பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அழுத்துகிறார்.

அடுத்த காட்சிக்காக உள்ளே காத்திருந்த அந்தத் துணை நடிகை, படப்பிடிப்பு நடக்கிறது என்று நினைத்துக் கதவைத் திறக்கிறார். வசனத்தைத் தமிழில் எழுதுகிறேன்.

‘பெல் அடிக்குதான்னு பாத்தேன்.’

‘அடிக்குது.’

‘அப்ப சரி.’

சொல்லிவிட்டு நகரவில்லை. அந்த அம்மாவும் நிற்கிறார். கடைசியில் கதவைச் சாத்துகிறார். மாமா அடுத்த படியைப் பார்க்கிறார். மேலே பார்க்கிறார். திரும்பி வந்து மறுபடியும் மணியை அழுத்துகிறார். கதவு திறக்கிறது. மாமா ஆச்சரியப்பட்டவர் மாதிரி, ‘இப்பவும் அடிக்குதே!’ என்கிறார்.

நாற்காலியிலிருந்து விழப் பார்த்தேன். அது நடிப்பா, உண்மையிலேயே ஏற முடியாமல் நின்றாரா என்று திரும்பத் திரும்பப் பார்த்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தக் காட்சியை மட்டும் வெட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வெட்ட ஒன்றும் பெரிதாக இல்லை. உன் குரலை அதிலிருந்து எடுக்கத்தான் நேரமெல்லாம் போனது.

முந்தாநாள் மதியம் எங்கள் சேனலின் வேன் டிரைவர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். முதல் படம் பார்க்காதவர்கள், மலையாளம் தெரியாதவர்கள். கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். முதல் மணிக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது மணியை அழுத்த அவர் திரும்பியபோதே ஒருவருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. கதவு திறந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. ‘அந்தப் பெரியவருக்கு உடம்பு முடியலையாம்மா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘அப்ப எதுக்குப் படியேற விட்டாங்க?’ என்றார்.

இதனால் படம் பிழைக்காது. யாருக்கும் அனுப்பாதே, எங்கும் ஏற்றாதே. மாமாவிடம் மட்டும் காட்டு. சிரிக்காத அந்த ஒருவரைப் பற்றியும் சொல். மறைத்தால் கண்டுபிடித்துவிடுவார், பிறகு சிரித்தவர்களையும் நம்ப மாட்டார்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

மாமா வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுதுகிறேன்.

லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். இரண்டு தடவை தப்பான கோப்பைத் திறந்தேன். மாமா இருந்தது மூன்று வாரத் தாடியோடு. என்ன என்று கேட்கவில்லை. காட்சி தொடங்கியதும் நாற்காலியை நகர்த்தித் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

‘என்ன ஏன் மாமா பாக்கறீங்க? படத்தப் பாருங்க.’

‘நடிச்சவன் நான். நீ பாரு.’

இரண்டாவது மணிக்கு அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ‘இவ சிரிச்சா கணக்கு இல்ல’ என்றார் மாமா. டிரைவர்களைப் பற்றிச் சொன்னேன். எந்த இடத்தில் சிரித்தார்கள், மணிக்கு முன்னாலா, பின்னாலா, டீ குடித்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று துருவித் துருவிக் கேட்டார். டீ குடித்தவர் உட்கார்ந்த இடம் தவிர மற்றதெல்லாம் உன் கடிதத்தில் இருந்ததால் தப்பித்தேன். பிறகு சிரிக்காதவரைப் பற்றிச் சொன்னேன். மாமா தாடியைச் சொறிந்தார்.

‘அவன்தான் ஒழுங்கா பாத்திருக்கான்’ என்றார்.

‘நெஜமாவே முடியாமதான் நின்னீங்களா மாமா?’

‘முடியாமதான் நின்னேன். நின்னப்புறம் சும்மா எதுக்கு நிக்கணும்?’

அதன் பிறகு ஒருமுறை திரும்பி அமர்ந்து தானே பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும், திரையைப் பார்த்தபடியே, ‘அப்ப என்னால இல்லங்கறியா?’ என்று கேட்டார்.

‘இல்ல மாமா!’ அவர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். ‘கொஞ்சம் இடம் விட்டுச் சொல்லு மாப்ள. இவ்ளோ வேகமா சொன்னா எவன் நம்புவான்?’

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. அத்தை காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டார்.

உன்னிடம் ஒரு புகார் சொல்லச் சொன்னார். இரண்டாவது மணிக்கும் கதவு திறப்பதற்கும் நடுவில் நீ அவசரப்பட்டுவிட்டாயாம். ‘நியூஸ் வெட்டி வெட்டி கத்திரிக்குக் கை ஓடுது. அங்க இன்னும் கொஞ்சம் நிக்க விடச் சொல்லு’ என்றார். அடுத்த படத்தின் இயக்குநரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சவரக் கத்தி எங்கே என்று மட்டும் அத்தையிடம் கேட்டார்.

பொறாமை என்ற அந்த வார்த்தையை நீ இனிப் பத்திரமாக வைத்திருக்க வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிடு.

இப்போது கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். லிஃப்டில் போகச் சொன்னேன், படியில் இறங்குகிறார். கூட வருகிறேன் என்றேன். ‘நீ வந்தா கட்டு கட்டுன்னு கத்துவ. ஒக்காரு’ என்றார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கால் படியில் உரசுவது கேட்கிறது. கைப்பிடி கிரீச்சிடுகிறது. சத்தம் நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று பாதி எழுந்தேன்.

கீழ் வீட்டு அழைப்பு மணி அடிக்கிறது.

யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். மாமா இன்னும் வாயைத் திறக்கவில்லை. நானும் அப்படியே நிற்கிறேன், அக்கா.